ரோமில் ஒரு நாள்: கைடோடு நடக்கலாமா, எந்த டூரை எடுப்பது?

கேள்வி இதுதான்: ரோமில் ஒரே ஒரு முழு நாள் கிடைக்கிறது, அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், பழைய ரோமானியச் சின்னங்களைக் கைடு வைத்து நடந்து பார்ப்பது நல்லதா, நாமே சுற்றிக்கொள்ளலாமா, கைடு என்றால் எந்த டூரை எடுப்பது?

கைடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதற்காக என்பதில் தெளிவாக இருங்கள். விளம்பரங்கள் எல்லாம் கொலோசியத்தைக் காட்டித்தான் டூர் விற்கின்றன. கைடு உண்மையில் தேவைப்படுவது அதை ஒட்டி இருக்கும், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில். கொலோசியத்துக்குள் நுழைந்தால் எது ஆடுகளம், எது இருக்கை வரிசை, எது நிலவறை என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். பெரிய குவிமாடம் வைத்த பழைய கோவிலான பாந்தியனில் அண்ணாந்து பார்த்தால் போதும். ஃபோரம் அப்படிப்பட்ட இடமில்லை. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இடித்துக் கட்டி, எரிந்து, மறுபடி கட்டி, கடைசியில் மண்ணுக்குள் போய், பிறகு தோண்டி எடுத்த இடம் அது. இங்கே மூன்று தூண், அங்கே ஒரு அடித்தளம் என்று கிடக்கும். சொல்ல ஆளில்லாவிட்டால் அரை மணி நேரத்தில் "ஒரே கல்லாத்தானே இருக்கு, வா போகலாம்" என்று அப்பா கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் டூரைத் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது ஃபோரத்தில் கைடு எவ்வளவு நேரம் கூட இருப்பார் என்பது. பல டூர்களில் கொலோசியத்துக்குள் ஒன்றே கால் மணி நேரம், ஃபோரத்துக்கு இருபது நிமிடம். இன்னும் சிலவற்றில் "ஃபோரம், பாலட்டைன் அனுமதி உண்டு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள் (பாலட்டைன் என்பது ஃபோரத்தை ஒட்டிய அரண்மனைக் குன்று). டிக்கெட்டைக் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்று வாசலில் விட்டுவிடுவார்கள் என்று அதற்குப் பொருள். "கைடுடன் ஃபோரம்" என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். மொத்த நேரம் மூன்று மணிக்குக் குறையக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் மூன்று இடமும் காட்டுகிறோம் என்றால் ஏதோ ஒன்றை ஓடிக்கொண்டே பார்ப்பீர்கள், அது பெரும்பாலும் ஃபோரமாகத்தான் இருக்கும்.

இனி டிக்கெட். கொலோசியம், ஃபோரம், பாலட்டைன் குன்று மூன்றுக்கும் ஒரே டிக்கெட்தான். சாதாரண டிக்கெட் 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். ஆடுகளத் தரையில் நிற்பதோ நிலவறைக்குள் இறங்குவதோ சேர்ந்தது 24 யூரோ. (விலை அவ்வப்போது மாறும், வாங்கும் அன்று அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம், ஆனால் அவர்களுக்கும் பூஜ்ய யூரோ டிக்கெட் ஒன்று எடுத்தாக வேண்டும். மறந்துவிட்டுப் போனால் வாசலில் சிக்கல். டிக்கெட்டுகள் முப்பது நாள் முன்பு திறக்கும். நிலவறை டிக்கெட்டுகள் கண் மூடித் திறப்பதற்குள் காலி. தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி, கைடு கட்டணம் சேர்த்துப் பல மடங்கு விலைக்கு விற்கும் வியாபாரம் வருடக்கணக்காக நடந்தது. 2025இல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் இதற்காகச் சில நிறுவனங்களுக்குச் சேர்த்துச் சுமார் 2 கோடி யூரோ அபராதம் போட்டது. சாதாரண டிக்கெட்டை நீங்களே வாங்கி, ஃபோரத்துக்கு மட்டும் தனியாகக் கைடு பிடிப்பது செலவில் மிச்சம். அலைச்சல் வேண்டாம் என்றால் டிக்கெட்டும் கைடும் சேர்ந்த குழு டூர் எடுங்கள், ஆளுக்கு ஐம்பது முதல் எண்பது யூரோ வரை ஆகும்.

நம்மவர்கள் பலர் இடறும் இடம் பெயர். கொலோசியம் டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் அச்சாகும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயரை அப்புறம் மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலோடு எழுதிப் பழகிய கையோடு "எஸ். குமார்" என்று போட்டுவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கிடந்தால் அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டில், அதே வரிசையில் போடுங்கள். சிலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், ஆனால் இணையப் படிவம் அதைக் காலியாக விடாது. அப்போது இனிஷியல் வேண்டாம். சொந்தப் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவதுதான் குழப்பம் குறைவு. டூர் நிறுவனத்தில் எடுத்தாலும் இதேதான், அவர்கள் கேட்கும் பெயர்ப் பட்டியலை அப்படியே டிக்கெட்டில் ஏற்றுவார்கள்.

இன்னொரு விதி தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். கொலோசியத்துக்கு ஒரு முறை, ஃபோரம்-பாலட்டைன் வளாகத்துக்கு ஒரு முறை, அவ்வளவுதான் அனுமதி. ஃபோரத்திலிருந்து "ஒரு காபி குடிச்சுட்டு வந்துடலாம்" என்று வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள். கொலோசியத்துக்கு மட்டும் நேரம் குறித்திருக்கும். ஃபோரத்தை அதற்கு முன்போ பின்போ, 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். கடைசி அனுமதி மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே மூடிவிடுவதால், டிசம்பரில் மதியம் இரண்டு மணி டூர் எடுத்தால் ஃபோரத்துக்கு நேரமே இருக்காது.

கைடு யார் என்பதிலும் கவனம் வேண்டும். இத்தாலியில் சுற்றுலா வழிகாட்டியாக வேலை செய்ய உரிமம் தேவை, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். குழுவைக் கூட்டிக்கொண்டு போய்விடும் உதவியாளர் வேறு, விளக்கம் சொல்ல உரிமம் உள்ளவர் வேறு. சந்திக்கும் இடத்தில் கொடியோடு நிற்பவர் பெரும்பாலும் உதவியாளர்தான், கைடு உள்ளே வந்து சேர்ந்துகொள்வார். "இலவச நடை டூர்" என்று வருபவை கடைசியில் மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கும் முறை. அவை தெருவிலேயே நடக்கும், டிக்கெட் தேவைப்படும் எந்த இடத்துக்குள்ளும் போகாது. கேப்பிட்டோலைன் குன்று, டிராஜன் தூண், பாந்தியன் வாசல் என்று வெளியிலிருந்து பார்க்க அது போதும். கொலோசியத்தை உள்ளே பார்க்க நினைப்பவர்களுக்கு உதவாது. தமிழில் சொல்லும் கைடு கிடைப்பது அரிது; ஆங்கிலம்தான். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் சரளம் இல்லையென்றால் இருபத்தைந்து பேர் குழுவில் போட்டு இழுக்காமல், மூன்று மணி நேரத்துக்குத் தனிக் கைடு வைத்துக்கொண்டு, நீங்கள் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்வது நல்லது. நான்கைந்து பேர் இருந்தால் ஆள் கணக்கில் விலை ஏறக்குறைய ஒன்றுதான் வரும்.

குழு டூரில் காதில் மாட்ட ஒரு சின்ன ரேடியோ ரிசீவர் தருவார்கள். அதோடு வரும் ஒற்றைக் காது ஹூக் பெரியவர்களுக்கு நிற்காது, நழுவிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான ரிசீவர்களில் பழைய போன்களில் இருந்த வட்டத் துளைதான் என்பதால், வீட்டில் கிடக்கும் ஒயர் இயர்போனைக் கொண்டுபோனால் இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்கும். சேனல் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் இடிபட்டு மாறிவிட்டால் பக்கத்துக் குழுவின் ஸ்பானிஷ் கைடு பேச ஆரம்பித்துவிடுவார். கொலோசியத்தின் தடித்த சுவருக்கு அந்தப் பக்கம் கைடு போய்விட்டால் சத்தம் அறுந்துபோகும். படம் எடுக்கப் பின்தங்குகிறவர்கள் தொலைவது இப்படித்தான். ரிசீவருக்கு ஈடாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

சந்திக்கும் இடம் "கொலோசியோ மெட்ரோ நிலையம்" என்று மட்டும் எழுதியிருந்தால் மறுபடி கேளுங்கள். அந்த நிலையத்துக்குச் சாலை மட்டத்தில் ஒரு வாசல், மேலே மேட்டில் ஒரு வாசல். மேல் வாசல் இருக்கும் லார்கோ காயெத்தானா அக்னேசி என்ற மொட்டை மாடி போன்ற திடலில்தான் பல குழுக்கள் கூடும். கீழே நின்று தேடிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிடம் போய்விடும். கொலோசிய நுழைவு நேரம் டிக்கெட்டில் அச்சாகி இருப்பதால் கைடால் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரம் சொன்னாலும் பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு. பெரிய முதுகுப் பை, பெட்டி, கண்ணாடிப் பாட்டில், ஸ்ப்ரே டப்பா எதற்கும் அனுமதியில்லை, வைத்துவிட்டுப் போக லாக்கரும் இல்லை. ஹோட்டலைக் காலி செய்த கையோடு பெட்டியும் கையுமாக வந்து நிற்பவர்களைத் தினம் பார்க்கலாம்.

இப்போது நடை. காலை எட்டரை ஸ்லாட்டில் கொலோசியம், பிறகு ஃபோரம், அங்கிருந்து கேப்பிட்டோலைன் குன்று, டிராஜன் தூண், மதிய ஓய்வு, மாலை லார்கோ அர்ஜென்டினா சதுக்கம் வழியாகப் பாந்தியன் என்பது எல்லோருக்கும் ஒத்துவரும் வரிசை. வரைபடத்தில் கொலோசியத்துக்கும் பாந்தியனுக்கும் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர்தான். உள்ளே சுற்றுவதையும் சேர்த்தால் நாள் முடிவில் ஆறேழு கிலோமீட்டர் கால் நடந்திருக்கும்.

கொலோசியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரரசர் வெஸ்பாசியன் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தது. நீளவாக்கில் 188 மீட்டர், குறுக்கே 156, உயரம் ஏறக்குறைய 50. நீரோ இங்கே உட்கார்ந்து சண்டை பார்த்தான் என்று வாசலில் டூர் விற்கும் யாராவது சொன்னால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்; நீரோ 68இல் செத்துப்போனான், அவனுடைய அரண்மனைக் குளத்தை வற்ற வைத்துத்தான் இதைக் கட்டினார்கள். உள்ளே போகுமுன் வெளியே இரண்டு விஷயம் பாருங்கள். சுவர் முழுக்க அம்மை விழுந்த மாதிரி குழிகள் இருக்கும். குண்டு துளைத்ததல்ல. கல்லையும் கல்லையும் இணைக்க உள்ளே இரும்புக் கவ்விகளை வைத்து ஈயம் ஊற்றியிருந்தார்கள். இரும்பு அரிதாக இருந்த இடைக்காலத்தில், கல்லைக் குடைந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது, கிழக்குப் பக்கம் வெளிச்சுவர் முடியும் இடத்தில் நிற்கும் செங்கல் சுவர். 1349 நிலநடுக்கத்தில் தெற்குப் பக்க வெளி வளையம் சரிந்தது. மிஞ்சிய முனையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழப் பார்த்தபோது, ஸ்டெர்ன் என்ற கட்டடக் கலைஞர் வளைவுகளுக்குள் செங்கல்லை அடைத்து அப்படியே தாங்க வைத்தார். பிதுங்கிக் கீழே நழுவிய வளைவுக் கற்கள் நழுவிய நிலையிலேயே உறைந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். பல குழுக்கள் அந்தப் பக்கமே போவதில்லை. வடக்குப் பக்க வளைவுகளின் தலையில் ரோமன் எண்கள் செதுக்கியிருக்கும். டிக்கெட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து அந்த வாசலில் நுழைய வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு.

மேல் தளத்துக்குப் படிகள் செங்குத்து, ஒவ்வொன்றும் உயரம் அதிகம். முட்டி வலி உள்ளவர்களுக்கு லிஃப்ட் உண்டு, முன்கூட்டியே கைடிடம் சொல்லி வையுங்கள். நிலவறை டூர் அவசியமா என்று கேட்டால், வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு அவசியமில்லை. மிருகங்களையும் ஆட்களையும் மேலே தூக்கிய லிஃப்ட் பள்ளங்களை மேலிருந்தே எட்டிப் பார்க்கலாம். அந்தப் பணத்தை ஃபோரத்தில் இன்னொரு மணி நேரக் கைடுக்குக் கொடுங்கள்.

வெளியே நிற்கும் கான்ஸ்டன்டைன் வளைவு 315ஐச் சேர்ந்தது. அதில் நல்ல சிற்பம் என்று கண்ணில் படுவதெல்லாம் டிராஜன், ஹேட்ரியன், மார்க்கஸ் அவ்ரேலியஸ் காலத்துச் சின்னங்களிலிருந்து கழற்றி ஒட்டியது. வட்டச் சிற்பங்களுக்குக் கீழே ஓடும் பட்டைதான் கான்ஸ்டன்டைன் காலத்தது, குட்டை உடம்பும் பெரிய தலையுமாக இருக்கும். உங்கள் கைடு எப்படிப்பட்டவர் என்பது இங்கேயே தெரிந்துவிடும். மேலுள்ளதற்கும் கீழுள்ளதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று தானே நிறுத்திக் காட்டுகிறவர் நல்ல கைடு. கிளாடியேட்டர் கதையையே இழுத்துக்கொண்டு போகிறவரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஃபோரத்துக்குள் டைட்டஸ் வளைவுப் பக்கம் நுழைந்தால் இறக்கமாகவே நடந்து போகலாம், முட்டிக்கு நல்லது. காலடியில் இருக்கும் பெரிய கருங்கல் பாளங்கள் பழைய சாலைக் கற்கள். மேடு பள்ளமாக, வழவழப்பாக இருக்கும். மழை பெய்தால் சறுக்கும். ஹவாய் செருப்பு, புதுச் செருப்பு, தோல் அடி வைத்த ஷூ எதுவும் வேண்டாம்.

டைட்டஸ் வளைவின் உள் பக்கம், தெற்குச் சுவரில், ஜெருசலேம் கோவிலிலிருந்து 70இல் கொள்ளையடித்த ஏழு கிளை விளக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் சிற்பம் இருக்கிறது. அதை எல்லோரும் காட்டுவார்கள். காட்டாமல் விடுவது வளைவின் இரண்டு நிறம். நடுப்பகுதி பழைய வெள்ளைப் பளிங்கு. இரண்டு ஓரமும் பழுப்பான டிராவர்டைன் கல், வேலைப்பாடும் குறைவு. இடைக்காலத்தில் ஒரு கோட்டைச் சுவருக்குள் இந்த வளைவு புதைந்து கிடந்தது. 1820களில் வாலாடியர் என்பவர் சுற்றியிருந்ததை எடுத்துவிட்டு மீட்டபோது, புதிதாகச் சேர்த்தது எது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றே வேறு கல்லில் கட்டினார்.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் ஃபோரம் முழுவதையும் படித்துவிடலாம். எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் "இது ஏன் இன்னும் நிற்கிறது?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் சர்ச்சாக மாறியது, கோட்டைக்குள் மாட்டிக்கொண்டது, மண்ணுக்குள் போனது என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றிலும் சேராதவற்றின் பளிங்கைச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கி வேறு கட்டடங்களுக்குப் பூசிவிட்டார்கள். ரோமின் பளிங்கைத் தின்றதில் படையெடுத்தவர்களைவிட ஊர்க்காரர்களின் சுண்ணாம்புச் சூளைகளுக்கே பங்கு அதிகம்.

இதற்குச் சரியான சாட்சி அன்டோனினஸ்-ஃபவுஸ்டினா கோவில். பேரரசர் அன்டோனினஸ் பயஸ் இறந்துபோன மனைவிக்காக 141இல் எடுத்தது. முன்னால் உயரமான தூண்கள், பின்னால் சர்ச். அந்தச் சர்ச்சின் பச்சைக் கதவைப் பாருங்கள்: படியே இல்லாமல் அந்தரத்தில், பல மீட்டர் உயரத்தில் தொங்கும். கதவு வைத்த காலத்தில் தரை அங்கே இருந்தது. வெள்ளம் கொண்டுவந்த மண்ணும் இடிபாடும் சேர்ந்து ஃபோரத்தை அந்த உயரத்துக்கு மூடி, மேலே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. தூண்களின் மேல் பகுதியில் சாய்வாகச் சில வெட்டுத் தடங்கள் தெரியும். கயிறு மாட்டி இழுத்துத் தள்ளப் பார்த்த அடையாளம் என்று சொல்வார்கள். தூண்கள் அசையவில்லை. கைடு இங்கே ஐந்து நிமிடம் நிற்கவில்லையென்றால் நீங்கள் நில்லுங்கள்.

இதற்குச் சற்று முன்னால் மூன்று பிரம்மாண்டக் குகைகள் போல நிற்பது மாக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பொது மண்டபம். பேரரசர் மாக்சென்டியஸ் 308 வாக்கில் தொடங்கி, கான்ஸ்டன்டைன் முடித்தது, நிற்பது மொத்தக் கட்டடத்தில் ஒரு ஓரம் மட்டுமே. நமக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று உண்டு. இந்தக் கட்டடம் எழும்புவதற்கு முன் இந்த இடத்தில் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. மலபார்க் கரையிலிருந்து எகிப்து வழியாக வந்த மிளகு இங்கேதான் இறங்கி விற்பனைக்குப் போனது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூற்றில் ஒரு பாட்டு சொல்கிறது. அந்த மிளகு போய்ச் சேர்ந்த முனை இது. கைடுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

அடுத்து ஜூலியஸ் சீசரை எரித்த இடம், சின்னக் கூரைக்கு அடியில் ஒரு மண் மேடு. இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போவார்கள். சீசரைக் கொன்றதும் இங்கேதான் என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. செனட் என்ற ஆட்சி மன்றம் அன்று கூடியது பாம்பேயுஸ் என்ற தளபதி கட்டிய மண்டபத்தில், அது மாலையில் பார்க்கப்போகும் லார்கோ அர்ஜென்டினாவில் இருக்கிறது. எதிரே முழுதாக நிற்கும் செங்கல் கட்டடம், செனட் கூடும் கூரியா, ஏழாம் நூற்றாண்டில் சர்ச்சானதால் பிழைத்தது. அதன் வெண்கலக் கதவுகளைப் பதினேழாம் நூற்றாண்டில் லேட்டரன் பேராலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இங்கே இருப்பது நகல். பக்கத்தில் பசிலிக்கா ஜூலியாவின் படிகளில் குனிந்து பார்த்தால் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கீறி வைத்த ஆட்டக் கட்டங்கள் தெரியும். ஆடுபுலி ஆட்டம் கீறிய கோவில் திண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

ஃபோரத்தின் மேற்குக் கோடியில் செப்டிமியஸ் செவெரஸ் வளைவு, 203. போன் கேமராவில் பெரிதாக்கி மேலே உள்ள எழுத்துகளின் நான்காவது வரியைப் பாருங்கள். கல் சற்றுக் குழிந்திருக்கும். எழுத்துக்குச் சம்பந்தமில்லாத துளைகளும் இருக்கும். முதலில் அங்கே செவெரஸின் இளைய மகன் கெட்டாவின் பெயர் வெண்கல எழுத்தில் இருந்தது. 211இல் அண்ணன் கராகல்லா அவனைக் கொன்றுவிட்டு, பேரரசு முழுக்க அவன் பெயரை அழிக்க உத்தரவு போட்டான். வரியைச் செதுக்கி எடுத்து, அந்த இடத்தில் தனக்கும் அப்பாவுக்கும் புகழ்மொழி போட்டுக்கொண்டான். பழைய எழுத்துகளைப் பிடித்திருந்த துளைகள் மட்டும் அடைபடாமல் நின்றுவிட்டன.

பாலட்டைன் குன்றை என்ன செய்வது? பெரியவர்கள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏற்றம் அதிகம், அரண்மனை இடிபாடுகள் பரந்து கிடக்கும், ஃபோரத்தைவிடவும் கற்பனை தேவை. மேலிருந்து ஃபோரம் தெரியும் ஃபர்னேசே தோட்டத்து மாடம் அழகுதான், ஆனால் அதற்கு ஈடான காட்சி கேப்பிட்டோலைன் குன்றில் காசில்லாமலே கிடைக்கும். செவெரஸ் வளைவுப் பக்க வாசல் திறந்திருந்தால் அதன் வழியாக வெளியேறி மேலே ஏறுங்கள். நகராட்சி மாளிகைக்குப் பின்புறம் இருக்கும் மாடத்திலிருந்து ஃபோரம் முழுக்க ஒரே பார்வையில் விரியும். கைடு வைக்காமல் போகிறவர்கள் இந்த இடத்துக்கு முதலில் வந்து, கையில் வரைபடத்தை வைத்து எது எங்கே என்று பார்த்துக்கொண்ட பிறகு உள்ளே நுழைந்தால் பாதி வேலை முடிந்தது. முன் சதுக்கத்தில் குதிரையேறிய மார்க்கஸ் அவ்ரேலியஸ் சிலை நகல், அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள். வெண்கலச் சிலைகளை எல்லாம் உருக்கியவர்கள் இதை மட்டும் விட்டதற்குக் காரணம், இவர் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று தப்பாக நினைத்ததுதான்.

இறங்கி வந்தால் டிராஜன் தூண், 113. பீடத்தோடு 38 மீட்டர். டிராஜன் இன்றைய ருமேனியாப் பகுதியில் நடத்திய டாசியப் போர்களின் கதை ஒரு நாடா போலச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், உள்ளே 185 படிகள் கொண்ட சுழல் ஏணி. உள்ளே விட மாட்டார்கள், சாலையோரக் கம்பியிலிருந்தே பார்க்கலாம். உச்சியில் இப்போது நிற்பவர் டிராஜன் அல்ல, 1587இல் வைத்த புனித பீட்டர். கொலோசியம் வரை நேராக ஓடும் அகலச் சாலை முசோலினி 1932இல் திறந்தது, பேரரசர்கள் கட்டிய பழைய ஃபோரங்களின் மேல் போட்டது.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, வெளியே நடக்காதீர்கள். ஃபோரத்தில் நிழல் கிடையாது, கல் சூட்டை வாங்கி வைத்து மேலே அடிக்கும். சென்னை வெயில் பார்த்தவர்கள்தானே என்று மதிய டூர் எடுத்துப் பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. சென்னையில் அந்த நேரத்தில் யாரும் பாறைமேல் மூன்று மணி நேரம் நிற்பதில்லை. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். தெருவெங்கும் வளைந்த மூக்குக் குழாய் வைத்த இரும்புத் தொட்டிகளில் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளையிலிருந்து நீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். கழிப்பறை கொலோசியத்திலும் ஃபோரத்திலும் உள்ளேதான் இருக்கிறது, வெளியே வருமுன் போய்விட்டு வாருங்கள். வெளியே வந்தால் காபி வாங்கித்தான் கடையில் கேட்க வேண்டும்.

கொலோசியத்தைச் சுற்றிக் கிளாடியேட்டர் வேடத்தில் நிற்பவர்களோடு படம் எடுத்தால் பிறகு பணம் கேட்டு மல்லுக்கு நிற்பார்கள். கையில் நூல் கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். டெர்மினி ரயில் நிலையத்துக்கும் கொலோசியோவுக்கும் நடுவே மெட்ரோ பி லைனில் நெரிசல் நேரத்தில் பிக்பாக்கெட் சகஜம், பாஸ்போர்ட்டும் பணமும் பேன்ட் பின் பாக்கெட்டில் இருக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம் என்று கேட்டு ஆசைப்பட வேண்டாம். அன்று முன்பதிவு கிடையாது, வரிசை சாலை வரை நிற்கும்.

மாலையில் லார்கோ அர்ஜென்டினா. சாலை மட்டத்துக்குக் கீழே நான்கு கோவில்களின் அடித்தளம், பூனைகள், அவற்றுக்குப் பின்னால் கி.மு. 44இல் சீசர் விழுந்த மண்டபத்தின் ஒரு துண்டுச் சுவர். 2023லிருந்து கட்டணம் கொடுத்துக் கீழே இறங்கலாம். சாலையோரம் நின்று பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் கட்டணம் உண்டு, 5 யூரோவில் தொடங்கினார்கள். இது இன்றும் வழிபாடு நடக்கும் சர்ச். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். வேட்டி, சேலை, சுடிதாரில் வருபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, அரைக்கால் சட்டைக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். முகப்பின் நெற்றியில் அகிரிப்பா என்பவர் கட்டியதாக எழுதியிருக்கும், அது கி.மு. காலத்துப் பழைய கட்டடத்தின் வாசகம். இப்போது நிற்பது பேரரசர் ஹேட்ரியன் முடித்தது. செங்கற்களில் அச்சிட்டிருந்த முத்திரைகளை வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் இது உறுதியானது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் அதேதான். இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட் இவ்வளவு அகலத்தைத் தாங்கக் காரணம் கலவையில் இருக்கிறது. அடியில் கனமான டிராவர்டைன் சல்லி, மேலே போகப் போக எரிமலைக் கல், செங்கல் துண்டு, உச்சியில் தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் என்று எடையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். சுவரின் கனமும் அப்படியே குறையும். உச்சித் துளைக்கு மூடி கிடையாது, மழை உள்ளே பெய்யும். தரை நடுவில் லேசாக உயர்ந்து இருப்பதையும், நீர் வடியச் சின்னத் துளைகள் போட்டிருப்பதையும் குனிந்து பாருங்கள். இங்கே கைடு வேண்டாம், இருபது நிமிடம் போதும். ஆனால் ஞாயிறு காலையும் சனி மாலையும் பூசை நேரத்தில் பார்வையாளர்களை நிறுத்திவிடுவார்கள், அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

பாந்தியன் பக்கத்தில் மெட்ரோ கிடையாது. கால் ஓய்ந்த அப்பா அம்மாவைப் பார்பெரினி நிலையம் வரை நடத்த வேண்டாம். ஐந்து நிமிடத்தில் மறுபடி லார்கோ அர்ஜென்டினாவுக்கு வந்தால் ஊரின் எல்லாப் பக்கமும் பஸ் இருக்கிறது, ஆற்றின் அக்கரையில் இருக்கும் டிராஸ்தெவெரே பகுதிக்குப் போக எட்டாம் எண் டிராம் அங்கேயே நிற்கும். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.